பாவம் எங்கே குடியிருக்கிறது?

கொச்சியின் சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால், அன்று விளக்கு வைப்பதற்குள் மூன்று மதமும் அந்த வாசலுக்கு வந்துவிடும். எதிர்வீட்டுச் சேச்சி ஜெபமாலையோடு வருவார். சந்துக்கு அந்தப் பக்கத்து இத்தா ஓதி ஊதிய தண்ணீரைக் குப்பியில் கொண்டுவருவார். எங்கள் ஆட்கள், அதாவது பாட்டன் காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து மட்டாஞ்சேரிக் கடைத்தெருவை நம்பி வந்து இங்கேயே தங்கிப்போனவர்கள், திருநீற்றுப் பொட்டலத்தோடு வருவார்கள். கொண்டுவருவதுதான் வேறு வேறு. கேட்பது ஒன்றே: "இந்த மனுஷி யாருக்கு என்ன கெடுதல் செய்தாள்?"

அன்பாகத்தான் கேட்கிறார்கள். நோயாளியின் பக்கம் நின்று சாமியிடம் கேட்பதாக நினைத்துக் கேட்கிறார்கள். கட்டிலில் கிடப்பவருக்கோ அது தன்னைப் பார்த்துக் கேட்டதாகவே படும். தூக்கம் வராத இரவில் பழைய கணக்குகளைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார். மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசாத ஒரு நாள், கோயிலுக்கு நேர்ந்து செய்யாமல் விட்ட ஒன்று, இப்படி ஏதாவது அகப்படும். அகப்படாத மனிதர் உண்டா?

என் மதினிக்கு மார்பில் கட்டி. அறுவை முடிந்து ரிப்போர்ட் வந்த வாரம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "ஏளா, நீ அந்த வேலைதான பாத்தே. என் சதையச் சீவி கண்ணாடில வச்சுப் பாக்காங்கல்லா, அதுல என் பாவம் எங்கன இருக்கு? சொல்லு" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகம்.

எர்ணாகுளத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ஹிஸ்டோபதாலஜி டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோய் என்னவென்று சொல்வது டாக்டர். அவர் பார்க்கிற ஸ்லைடைச் செய்து கொடுப்பது எங்கள் வேலை. ஃபார்மலினில் கிடந்த துண்டை மெழுகில் புதைத்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்துவோம். ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் காட்டச் சொன்னால் அந்த ஸ்லைடை சிட்ரேட் கரைசலில் போட்டுப் பிரஷர் குக்கரில் வேகவைப்போம். வீட்டில் பருப்பு வேகிற அதே குக்கர்தான். பிறகு அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி, அதன்மேல் நிறம். புரதம் இருக்கிற இடம் பழுப்பு, மற்றதெல்லாம் வெளிர்நீலம்.

இந்த வேலையில் முதல் வருஷத்திலேயே படிகிற பாடம் ஒன்று உண்டு. ஒரு புரதம் இருக்கிறதா என்று மட்டும் டாக்டர் கேட்பதில்லை, எங்கே இருக்கிறது என்றும் கேட்பார். மதினியின் ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரஜன் ரிசப்டர் உட்கருவில் பழுப்பாகத் தெரிய வேண்டும். ஹெர்2 செல்லின் ஓரத்தில் வளையமாகத் தெரிந்தால்தான் கணக்கு. நடுவில் மங்கலாகப் பரவியிருந்தால் அதற்கு மதிப்பில்லை. குடல் கட்டிகளில் இது இன்னும் துலக்கம். பீட்டா-கேட்டனின் என்ற புரதம் எல்லா ஆரோக்கியமான குடலிலும் உண்டு. செல்லும் செல்லும் ஒட்டுகிற விளிம்பில் நின்று பிடித்துக்கொள்வது அதன் வேலை. மிச்சமானதை ஏபிசி என்ற இன்னொரு புரதம் பிடித்து அழிவுக்கு அனுப்பும். ஏபிசி கெட்டுப்போனால், விளிம்பில் நிற்க வேண்டியது உட்கருவுக்குள் போய் உட்கார்ந்து, 'பெருகு, பெருகு' என்று ஜீன்களை முடுக்குகிறது. புரதம் அதுவேதான், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நின்ற இடம் மாறியதுதான் நோய்.

பி53 கதை இதைவிட வருத்தமானது. செல்லின் ஜீன்களில் சேதம் கண்டால் பிரிவை நிறுத்தி, தேவையானால் செல்லையே சாகச் செய்கிற புரதம் அது. 1979இல் கண்டுபிடித்தார்கள். பாதிக்கு மேற்பட்ட புற்றுநோய்களில் அது பழுதாகியிருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் சில நியூரோபிளாஸ்டோமாக்களில், சில மார்பகக் கட்டிகளிலும், பி53 பழுதில்லாமல் இருக்கிறது. உட்கருவுக்குள் போக வேண்டியது சைட்டோபிளாசத்திலேயே தேங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். 2005இல் இத்தாலியக் குழு ஒன்று கண்டதும் இதே வகை: பெரியவர்களுக்கு வரும் கடும் மைலாய்ட் ரத்தப்புற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, உட்கருமணியில் இருக்க வேண்டிய நியூக்ளியோஃபாஸ்மின் வெளியே சைட்டோபிளாசத்துக்கு வந்துவிடுகிறது.

ஸ்வீடன்காரர்கள் 2003இல் மனிதப் புரதங்களின் அட்லஸ் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் திசுப் படங்களில் பெரும்பங்கை உட்கார்ந்து பார்த்துக் குறித்தவர்கள் மும்பை நோய்க்குறியியல் மருத்துவர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2017இல் அந்த அட்லஸ் 12,003 புரதங்களுக்குச் செல்லுக்குள் முகவரி எழுதி வெளியிட்டது. அவற்றில் பாதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி. ஆக, 'இது நல்ல புரதம், இது கெட்ட புரதம்' என்று பட்டியல் போட்டு உட்காருகிறவருக்குப் பேனாவே ஓடாது.

செல் பிரிகிற நேரத்தில் இந்த இடமாற்றம் உச்சத்துக்குப் போகிறது. மனிதச் செல்லில் பிரிவு என்பது ஒரு மணி நேரக் காரியம். அந்த நேரத்தில் உட்கருவின் சுவரே கலைந்துவிடும். ஜீன்களைப் படித்துப் புதிதாகச் செய்திகளை எழுதுவது பெரும்பாலும் நின்றுபோகும். கையிலிருக்கிற புரதங்களை இடம் மாற்றி நிறுத்தித்தான் செல் சமாளிக்க வேண்டும். மதினியிடம் நான் விவரமாகச் சொன்னது சர்வைவின் என்ற ஒரு புரதத்தைப் பற்றி. 1997இல் யேல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். வளர்ந்த உடம்பின் பெரும்பாலான திசுக்களில் தேடினாலும் கிடைக்காது. புற்றுநோய்களில் அள்ள அள்ளக் கிடைக்கும். சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் காக்கிறது என்பதால்தான் அந்தப் பெயர். இதைக் கேட்டதும் மதினி, "அப்பம் அதான் பாவம்" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

பிரிவு தொடங்கும்போது சர்வைவின் தனியாக வராது. அரோரா பி, இன்சென்ப், போரியலின் என்ற மூன்று துணைகளோடு குரோமோசோம்களின் கைகளில் ஏறிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் நான்கும் குரோமோசோமின் இடுப்புக்கு, சென்ட்ரோமியருக்கு, வந்து கூடும். அங்கே அவற்றின் வேலை மேற்பார்வை. ஒவ்வொரு குரோமோசோம் இரட்டையையும் எதிரெதிர்த் துருவத்திலிருந்து இழைகள் சரியாகப் பிடித்திருக்கின்றனவா, இரண்டையும் ஒரே பக்கம் இழுக்கின்றனவா என்று பார்த்து, தப்பாகப் பிடித்த இழையை அரோரா பி கழற்றிவிடும். எல்லாம் சரியானதும் இரட்டைகள் பிரிந்து இரண்டு பக்கமும் போகும். அதுவரை கூடவே வந்த இந்த நான்கும் அப்போது குரோமோசோமோடு போவதில்லை. நடுவிலேயே நின்றுவிடும். செல்லை எந்த இடத்தில் இரண்டாக நறுக்குவது என்று காட்டுவது அடுத்த வேலை. கடைசியில் இரண்டு மகள் செல்களுக்கு நடுவே நூலிழைப் பாலம் ஒன்று மிச்சமிருக்கும். நான்கும் அதில் போய் முடியும். ஒரு மணி நேரத்தில் நான்கு இடம், நான்கு வேலை.

இதில் ஏதாவது பிசகினால் குரோமோசோம் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். கடல் முள்ளெலி முட்டைகளில் இப்படிப்பட்ட தாறுமாறான பங்கீட்டைப் பார்த்துவிட்டு, புற்றுநோயின் வேர் இங்கேதான் இருக்க வேண்டும் என்று ஜெர்மானியர் தியோடோர் போவெரி 1914இலேயே எழுதினார். எலிகளில் சர்வைவின் ஜீனை நீக்கிப் பார்த்த ஆய்வு 2000இல் வந்தது. கருக்கள் சில நாள்களுக்கு மேல் தாங்கவில்லை. நம் தாயின் வயிற்றில் நாம் ஒரு செல்லிலிருந்து இரண்டாகி நான்கானபோது இந்தப் புரதம் தப்பாமல் இடம் மாறி வேலை செய்தது. இல்லாவிட்டால் மதினியும் இல்லை, கேள்வியும் இல்லை.

அவருக்கு ஏற்றிய மருந்துகளில் பாக்லிடாக்சல் ஒன்று. யூ மரப்பட்டையிலிருந்து வந்தது. பிரிகிற செல்லின் இழைகளைச் சுருங்கவும் நீளவும் விடாமல் விறைக்கச் செய்யும். இதை சூசன் ஹார்விட்ஸ் 1979இல் காட்டினார். இழைகளில் இழுவிசை இல்லை என்பதை உணர்ந்து செல்லை அப்படியே நிறுத்திவைக்க சர்வைவின் வேண்டும் என்று 2003இல் ஆய்வகச் செல்களில் கண்டார்கள். புற்றுநோயைச் சாகவிடாமல் காப்பதாகப் பேர் வாங்கிய அதே புரதம், சென்ட்ரோமியரில் நிற்கும்போது மருந்துக்குக் கைகொடுக்கிறது. கட்டியில் அது உட்கருவில் தெரிந்தால் நல்லதா, சைட்டோபிளாசத்தில் தெரிந்தால் கெட்டதா என்று ஆராய்ந்த கட்டுரைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சர்வைவினைத் தடுக்கவென்று வந்த மருந்தும் மனிதர்களில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

இனி மதினியின் கேள்விக்கு வருகிறேன். அது சைவ சித்தாந்தக் கேள்வி. என் அப்பா மட்டாஞ்சேரிப் பண்டகசாலையில் மிளகும் சுக்கும் எடை போட்டவர். ராத்திரியில் கையும் சட்டையும் மிளகு மணக்க உட்கார்ந்து எங்களுக்குத் தேவாரமும் கொஞ்சம் சித்தாந்தமும் சொல்லிக்கொடுத்தார். ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களில் ஆணவம் மட்டும் சகசம், உயிரோடு ஆதியிலேயே இருப்பது. மற்ற இரண்டும் ஆகந்துகம், பிறகு வந்து சேர்ந்தவை. செம்புக்குக் களிம்பு எங்கிருந்தோ வந்து ஒட்டியதில்லை, செம்பு என்று உண்டானபோதே களிம்பும் உண்டு. ஆணவம் அப்படி என்பார்.

தெருவில் எல்லாரும் புற்றுநோயைக் கன்மக் கணக்கில் எழுதுகிறார்கள். செய்தாள், வந்தது. நுண்ணோக்கி சொல்வதோ சகசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிஷப்பும் வார்மஸும் 1976இல் கோழியின் புற்று வைரஸிலிருந்த ஜீன் நல்ல கோழியின் செல்லிலேயே இருக்கிறது என்று காட்டி, அதற்காக 1989இல் நோபல் வாங்கினார்கள். நோய்க்கான கருவி வெளியிலிருந்து வந்ததில்லை, உடம்பு உண்டானபோதே உண்டு. கட்டி வந்தவருக்கும் வராதவருக்கும், சேச்சிக்கும் இத்தாவுக்கும் எனக்கும், அதே பீட்டா-கேட்டனின், அதே சர்வைவின்.

ஆனாலும் அப்பாவின் உவமையை முழுக்க ஏற்க என்னால் முடியவில்லை. களிம்பால் செம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆணவம் உயிரின் அறிவை மறைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. சர்வைவின் அப்படியா? அது இல்லாமல் உடம்பே உண்டாகாது. ஆக, சகசம் என்பது சரி, மலம் என்பது சரியில்லை. அப்பா இருந்திருந்தால் இதற்கு இரண்டு ராத்திரி வாதம் நடந்திருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வினை சடம், அறிவில்லாதது தானாகப் போய்ச் செய்தவனைப் பற்றிக்கொள்ளாது, எனவே வினையைச் செய்தவனிடம் கூட்டுவிக்க இறைவன் ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் வலுவான வாதம். சிறுவயதில் இது எனக்கு அசைக்க முடியாததாகத் தோன்றியது. சர்வைவினும் சடம்தான். அது எப்படித் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது? ஹாஸ்பின் என்ற நொதி, குரோமோசோமின் இடுப்பிலிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் பாஸ்பேட் ஒன்றை வைக்கிறது. சர்வைவின் அதில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. 2010இல் இதை விளக்கினார்கள். சிடிகே1 என்ற இன்னொரு நொதியின் வேகம் அடங்கியதும் நால்வர் கூட்டம் நடுவுக்கு நகர்கிறது. எங்கேயும் ஓர் அதிகாரி இல்லை. ஒன்று வைத்த குறியில் இன்னொன்று பொருந்துகிறது, அது மூன்றாவதை எழுப்புகிறது. அறிவில்லாத பொருள் தன் இடத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதை நான் வாழ்நாளெல்லாம் பழுப்பு நிறத்தில் பார்த்திருக்கிறேன்.

இதனால் கடவுள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பாஸ்பேட்டையும் ஹிஸ்டோனையும் அப்படிப் பொருந்தும்படி வைத்தவன் யார் என்று அப்பா திருப்பிக் கேட்பார், அதற்கு என்னிடம் பதில் கிடையாது. நான் சொல்வது சின்ன விஷயம். கணக்குப் பார்த்து ஆளுக்கு ஆள் நோயைப் பரிமாறுகிற கை எதுவும் இந்த ஏற்பாட்டில் தென்படவில்லை. பொருந்துதல் கோடி முறை சரியாக நடக்கிறது, ஒருமுறை பிசகுகிறது. 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் தோமசெட்டியும் வோகல்ஸ்டைனும், எந்த உறுப்பில் ஸ்டெம் செல்கள் அதிகம் பிரிகின்றனவோ அங்கே புற்றுநோயும் அதிகம் என்று எழுதியபோது, அதைத் துரதிர்ஷ்டக் கொள்கை என்று பலர் சாடினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் உடன்படவில்லை. தடுக்கக்கூடிய காரணங்கள் பல உண்டு என்பதே அவர்கள் வாதம். நியாயமான வாதம். பண்டகசாலையில் மூட்டை தூக்கியவர்கள் வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கி ஒதுக்கி வாய் வெந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் புகையிலையைக் காரணம் என்று சொல்வதும், போன பிறவியைக் காரணம் என்று சொல்வதும் ஒரு ஜாதிப் பேச்சில்லை. முதலாவதை நிறுத்தலாம், நிறுத்தினால் பலன் உண்டு. இரண்டாவதைச் சொல்லி என்ன செய்ய?

வினைக்கணக்கு பேசுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்று. ராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றில் 1886 ஆகஸ்ட் 16 அன்று மறைந்தார். ரமணருக்கு இடது கையில் சர்கோமா. 1949 பிப்ரவரியில் முதல் அறுவை, அந்த வருஷத்துக்குள்ளேயே நான்கு, 1950 ஏப்ரல் 14இல் மறைவு. சென்னையில் பிறந்து, மார்பகத் திசுவில் புரோஜெஸ்ட்ரான் ரிசப்டரை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ஷியாமளா கோபாலன் 2009இல் பெருங்குடல் புற்றில் இறந்தார். இவர்கள் செய்த கெடுதல் என்ன? பக்தர்கள் வினைக்கணக்கை விட முடியாமல், மகான்கள் அடியாரின் பாவத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டார்கள் என்பார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடிப்பதில்லை. பெரியவருக்கு வந்தால் கருணை, மதினிக்கு வந்தால் பாவம் என்று ஒரே செல்லுக்கு இரண்டு நீதி எழுதுகிற விளக்கம் அது.

சேச்சியின் வேதத்திலும் இத்தாவின் குர்ஆனிலும் ஒரே மனிதர் இருக்கிறார். அவர் யோபு, இவர் அய்யூப் நபி. உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்தவரிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், ஒப்புக்கொள் என்று பக்கம் பக்கமாக வாதாடியதை பைபிள் சொல்கிறது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது நோயாளியிடம் இல்லை, அந்த நண்பர்களிடம். இதைச் சேச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த நாள் கஞ்சி கொண்டுவந்தார்.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், சம்பந்தரோடு வந்த அடியார்கள் குளிர்சுரத்தில் விழுந்தார்கள். அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். அதன் முதல் பாட்டு, பழவினையால் வந்தது என்று பேசிக்கொண்டு, உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குத்தான் குறை என்கிறது. வினை இல்லை என்று சம்பந்தர் சொல்லவில்லை. அதைச் சொல்லி உட்கார்ந்துவிடாதே என்கிறார். அப்பா இந்தப் பாட்டைச் சொல்லும்போதெல்லாம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவார், மேலே விளக்கமாட்டார். அவருக்கும் அதில் ஏதோ இடறியிருக்க வேண்டும்.

மதினிக்கு நான் சொன்ன பதில் இவ்வளவு நீளமில்லை. "அந்தக் கண்ணாடியில தெரிஞ்சதெல்லாம் உங்கள வளத்த சாமான்தான் மதினி. சிலது இடம் தப்பி நிக்கி. அதுல உங்க பேரு எழுதல" என்றேன். நம்பினாரா என்று தெரியாது. திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு, அடுத்த ஊசிக்கு யார் கூட வருவீர்கள் என்று கேட்டார்.

ஆகவே நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஜெபமாலையும் ஓதிய தண்ணீரும் திருநீறும் தாராளமாகக் கொண்டுபோங்கள், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த கீமோ எந்தத் தேதி, ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் இருக்கிறதா, அன்றைக்கு வீட்டில் யார் சமைப்பது என்று கேளுங்கள்.